‘மட்டம் தட்டினார்’ என்று ஆங்கிலத்தில் முறையிடுவது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். வயது 29. மேலதிகாரி நாலு மாதமாக என்னை மட்டம் தட்டியே கதைக்கிறார். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதவேண்டும். ‘ஹி பிலிற்றில்ட் அபவுட் மீ’ என்று எழுதியிருக்கிறேன். கனடாவிலுள்ள அண்ணா ‘டிஸ்ரிஸ்பெக்ட்’ என்று போடச் சொல்கிறார். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் ‘டெனிகிறேற்’தான் பாரமான சொல் என்கிறார். எது சரி? வரைவை இணைத்திருக்கிறேன். — வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள தங்கைக்கு,

இலக்கணத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன வேலை. ‘பிலிற்றில்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது, ‘டு’வும் வராது. ‘ஹி பிலிற்றில்ட் மீ’, அல்லது ‘ஹி பிலிற்றில்ட் மை வேர்க்’. யாரை, எதை என்பது வினையை ஒட்டியே நிற்கவேண்டும். ‘என்னைப் பற்றிக் குறைவாகக் கதைத்தார்’ என்று மனதில் ஓடுவதால் அந்தப் ‘பற்றி’ உங்களை அறியாமல் ‘அபவுட்’ ஆகிவிட்டது. டிஸ்பரிஜ், டெனிகிறேற், டிமீன், ஹியூமிலியேற், இன்சல்ட் எல்லாமே இதே வகைதான். ‘அபவுட்’ வைத்தே ஆகவேண்டுமென்றால் பெயர்ச்சொல்லைக் கொண்டுவாருங்கள்: ‘டிஸ்பரிஜிங் ரிமார்க்ஸ் அபவுட் மீ’, அதாவது என்னைப் பற்றிய தாழ்வான பேச்சுகள். அங்கே அது சரியாக இருக்கும்.

இனி எது சரியான சொல் என்ற கேள்வி. உங்கள் வரைவில் நாலு சம்பவங்கள் இருக்கின்றன. நாலுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் மூன்று சொல் சொன்னதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் வேறு வேறு சம்பவத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். தமிழில் நாம் ‘மட்டம் தட்டுறது’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுவதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. தாழ்த்தப்பட்டது உங்கள் வேலையா, உங்கள் பெயரா, உங்கள் நிலையா என்று பார்த்தே வினை மாறும்.

முதலாவது சம்பவம். மாதாந்தக் கூட்டத்தில் உங்கள் அறிக்கையைக் கையில் தூக்கிப் பிடித்து, “உதெல்லாம் ஒரு வேலையே? ஏ.எல். படிக்கிற பிள்ளையளும் செய்வினம்” என்றார். ஆறு கிராமங்களுக்குப் போய், மூன்று கிழமை இருந்து எழுதிய அறிக்கை. இதுதான் அசல் ‘பிலிற்றில்’. இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டுவது.

இந்தச் சொல்லின் பிறப்பைச் சொல்கிறேன், உங்கள் முறைப்பாட்டுக்கு அது உதவும். அகராதிகள் இதன் முதல் ஆட்சியாகக் காட்டுவது தோமஸ் ஜெஃபர்சன் வேர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி எழுதி, 1785இல் பாரிசில் அச்சிட்ட நூலை. அமெரிக்காவின் விலங்குகள் ஐரோப்பிய விலங்குகளைவிடச் சிறியவை, அந்த மண்ணில் இயற்கையே எல்லாவற்றையும் குறுக்கிவிடுகிறது என்று புஃபோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் எழுதியிருந்தார். அப்படி இயற்கை குறுக்குகிறது என்ற கருத்தைச் சொல்லத்தான் ஜெஃபர்சன் ‘லிற்றில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘பி’ சேர்த்து இந்த வினையை எழுதினார். 1787இல் லண்டன் சஞ்சிகை ஒன்று இதுவும் ஒரு சொல்லா என்று எள்ளியது. அமெரிக்க மிசனறிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பள்ளிக்கூடம் வைத்தபோது இந்தச் சொல்லுக்கு முப்பது வயதுதான்.

நான் சொல்ல வந்தது ஜெஃபர்சன் கொடுத்த பதிலை. புஃபோன் எங்களை அவமதித்துவிட்டார் என்று எழுதி அவர் நிறுத்தவில்லை. இரண்டு கண்டத்து விலங்குகளின் நிறைகளையும் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார். பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய மூஸ் மானின் எலும்புகளையும் தோலையும் கப்பலில் வரவழைத்துப் பாரிசில் புஃபோனுக்கே அனுப்பினார். சிறிது என்றவருக்கு அளவைக் காட்டினார். (அவரை முழுதாகக் கொண்டாட என்னால் முடியாது. அதே நூலில் கறுப்பின மக்களை அறிவில் குறைந்தவர்கள் என்று எழுதியவரும் அவர்தான். அவர்களில் நூற்றுக்கணக்கானோரை அடிமைகளாக வைத்திருந்தார்.)

உங்கள் வரைவில் அந்த அளவு இல்லை. ‘என் வேலையைச் சிறுமைப்படுத்தினார்’ என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு கிராமம் என்று இல்லை. மூன்று கிழமை என்று இல்லை. அந்த அறிக்கை பிறகு ஒரு திருத்தமும் இல்லாமல் நன்கொடையாளருக்குப் போனது என்பதை எனக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள், முறைப்பாட்டில் விட்டுவிட்டீர்கள். கொழும்பில் வாசிப்பவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் அறிக்கையையும் தெரியாது. எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தானே சிறிதாக்கினார் என்பது அவருக்கு விளங்கும்?

இரண்டாவது சம்பவம் எனக்குக் கூடுதலாக நொந்தது. வெளியிலிருந்து விருந்தினர் வந்த அன்று, ஒரே தரத்தில் நாலு ஒருங்கிணைப்பாளர்கள் மேசையில் இருக்க, உங்களை மட்டும் பார்த்து “எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாரும்” என்றார். மற்ற மூவரும் ஆண்கள். இதற்கு உரிய வினை ‘டிமீன்’. ஒருவரின் நிலையை, மதிப்பை இறக்குவது. இந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. பழையது நடந்துகொள்வது என்ற பொருள் கொண்டது. நடத்தையைக் குறிக்கும் ‘டிமீனர்’ அதிலிருந்து வந்தது. மற்றது தாழ்வான என்ற பொருளுள்ள ‘மீன்’ என்ற சொல்லிலிருந்து ஆக்கியது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஆனால் அதைப் பாவிக்கும் விதத்தில் மிகவும் கவனம் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது: தேத்தண்ணி ஊத்தச் சொன்னது எனக்கு டிமீனிங் ஆக இருந்தது. இதை உங்கள் அலுவலகத்தில் தினமும் தேத்தண்ணி ஊத்தித் தரும் அம்மா வாசித்தால் என்ன நினைப்பார்? இந்த வினை அப்படி ஒரு வேலை செய்யும். எந்தச் செயல் உங்களைத் தாழ்த்தியது என்று சொல்கிறீர்களோ, அந்தச் செயலையே தாழ்ந்தது என்று சொன்னதாகிவிடும். உங்கள் மனதில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். குறை தேத்தண்ணியில் இல்லை, நாலு பேரில் ஒருவரைத் தெரிந்தெடுத்ததில் இருக்கிறது. அதனால் அந்த வரியில் ‘டிமீன்’ என்ற சொல்லே வேண்டாம். ‘ஒரே தரத்திலிருந்த நால்வரில் என்னை மட்டும் கேட்டார், மற்ற மூவரும் ஆண்கள், இது மூன்று தடவை நடந்தது, திகதிகள் இவை’ என்று எழுதுங்கள். வாசிப்பவர் அந்தச் சொல்லைத் தானே சொல்லிக்கொள்வார்.

மூன்றாவது, “பிள்ளை, உது உமக்கு விளங்காது.” வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கேள்வி கேட்டதற்கு வந்த பதில். இதற்கு ஆங்கிலத்தில் மிகப் பொருத்தமான ஒரு வினை உண்டு: ‘பேற்றனைஸ்’. தகப்பன் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆதரிப்பது, ஒரு கடையில் வாடிக்கையாக வாங்குவது என்ற நல்ல பொருளும் அதற்கு இருக்கிறது. தகப்பன் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, அன்பு போல ஒரு குரலில், மற்றவரைச் சின்னப்பிள்ளையாக்குவதுதான் அதன் கெட்ட பொருள். ‘பிலிற்றில்’ செய்கிறவர் நேரே தாக்குகிறார். ‘பேற்றனைஸ்’ செய்கிறவர் சிரித்துக்கொண்டே செய்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் பிழையே தெரியாது. உங்கள் சக ஊழியர்கள் “அவர் அன்பாத்தானே சொன்னவர்” என்றது அதனால்தான்.

நீங்கள் ‘பிள்ளை’ என்பதை ‘சைல்ட்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தேன், என் மாணவிகள் எல்லாரையும் பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். இன்று பேரப்பிள்ளை கண்ட பழைய மாணவியைச் சந்தியில் கண்டாலும் “எப்பிடிப் பிள்ளை?” என்றுதான் வாயில் வருகிறது. யாழ்ப்பாணத்தில் அது தனியே ஒரு குற்றச்சாட்டாக நிற்காது. விசாரணையில் இந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அந்த ஒரு சொல்லைப் பிடித்தே உங்கள் முழு முறைப்பாட்டையும் தள்ளிவிடுவார். குற்றம் ‘உமக்கு விளங்காது’ என்பதில் இருக்கிறது. வரவுசெலவு உங்கள் பொறுப்பில் உள்ள விடயம், அதைக் கேட்கும் உரிமை உங்கள் பதவிக்கு உண்டு, பதில் தராமல் விளங்காது என்றார். அதை எழுதுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. அதுவரை உங்களோடு ‘நீர்’ போட்டுக் கதைத்தவர், அறிக்கையைத் தூக்கிப் பிடித்த அன்று “நீ என்ன செய்து வைச்சிருக்கிறாய்?” என்று ‘நீ’க்கு இறங்கினார் என்று ஓரத்தில் எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். ஏன் வெட்டினீர்கள்? ஆங்கிலத்தில் எல்லாம் ‘யூ’தானே, எப்படிச் சொல்வது என்று விட்டிருப்பீர்கள். திரும்பச் சேருங்கள். நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படி எங்கள் பேச்சில் இருக்கிறது. அலுவலகத்தில் வயது வந்த ஒரு பெண்ணை, எல்லாருக்கும் முன்னால், நடுப்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறக்குவது என்ன என்பதைக் கொழும்பில் ஒரு சிங்கள அதிகாரி வாசித்தாலும் விளங்கிக்கொள்வார், அவர்கள் பேச்சிலும் இதற்குப் படிகள் உண்டு. தமிழ் வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள், கீழே ஆங்கிலம், அதற்குக் கீழே ஒரே வரியில் விளக்கம். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பில் நாங்கள் செய்வது அதைத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் ஓர் அம்மாவின் வாக்குமூலத்தில் “தூக்கி எறிஞ்சு கதைச்சவர்” என்று இருந்ததைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினேன். விசாரணையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன பொருளை எறிந்தார் என்பது. அந்த அம்மா குழம்பிப்போய் “ஒண்டும் எறியேல்லை” என்றார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று பதிந்தார்கள். மதிக்காமல் பேசுவதை எங்கள் ஊர் அப்படிச் சொல்லும் என்று நான் விளக்கம் போட்டிருக்கவேண்டும். இன்றும் அதை நினைத்தால் மனது கனக்கும்.

நாலாவது, நீங்கள் இல்லாத இடத்தில் நடந்தது. “அவவுக்கு இங்கிலிஷ் ஓடாது. ஆரோ எழுதிக் குடுக்கினம்” என்று பங்காளி நிறுவனத்தவரிடம் சொன்னது. அக்கா சொன்ன ‘டெனிகிறேற்’ இங்கேதான் பொருந்தும், மற்ற மூன்றுக்கும் பொருந்தாது. அது ஒருவரின் பெயரை, மதிப்பைக் கெடுப்பது. பெரும்பாலும் மற்றவர்களிடம் போய்ச் சொல்வது. லத்தீனில் ‘நிகெர்’ என்றால் கறுப்பு, கறுப்பாக்குவது என்பதே அந்த வினையின் அடி. முகத்தில் கரி பூசினான் என்று நாங்கள் சொல்வதும் அதுதானே. ஆனாலும் நான் இந்தச் சொல்லை எடுக்கமாட்டேன். கறுப்பு என்றால் கெட்டது என்ற எண்ணம் அதன் அடியில் கிடப்பதால் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சிலர் இன்று அதை ஒதுக்குகிறார்கள். சம்பந்தம் பேசவரும்போது “பிள்ளை என்ன நிறம்?” என்பது முதல் கேள்வியாக இருக்கும் ஊரில் வாழ்பவள் நான். எனக்கும் அதில் ஒரு கசப்பு உண்டு.

அதற்குப் பதிலாக ‘டிஸ்பரிஜ்’ எடுங்கள். ஒருவரின் திறமையைத் தரம் குறைந்தது என்று பேசுவது. உங்களுக்கு நடந்ததும் சரியாக அதுதான். பழைய பிரெஞ்சில் இதன் முதற்பொருள் தகுதி குறைந்த இடத்தில் கலியாணம் செய்துவைப்பது. இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டாவில், வாரிசுகளைத் தரம் குறைந்த இடத்தில் கட்டிக்கொடுக்கக்கூடாது என்ற விதியில் இந்தச் சொல்லின் லத்தீன் வடிவம் வருகிறது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரிசமன் இல்லாத இடம் என்ற பேச்சு எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

‘டிஃபேம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது சட்டச் சொல். 2002க்குப் பிறகு இலங்கையில் அவதூறு குற்றவியல் குற்றமல்ல என்றாலும், குடியியல் வழக்குப் போடலாம். அந்த வாசலைத் திறக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லும் வேண்டாம்.

அண்ணாவின் ‘டிஸ்ரிஸ்பெக்ட்’ பிழையான சொல் இல்லை. வினையாக அது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் அது வாய்ப்பேச்சின் சொல்லாகக் கேட்கிறது. அதோடு, என்ன நடந்தது என்று அது ஒன்றும் சொல்வதில்லை. ‘ஹியூமிலியேற்’ நாலையும்விடப் பாரமானது. பலர் முன்னால் தலைகுனிய வைத்தது என்று பொருள். கூட்டத்தில் நடந்த அந்த ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; நாலு இடத்தில் போட்டால் ஓரிடத்திலும் பாரம் இராது.

ஏழு இடத்தில் ‘ஐ ஃபெல்ட் பிலிற்றில்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள், நான் சிறுமைப்பட்டதாக உணர்ந்தேன் என்று. அப்படி எழுதினால் வரக்கூடிய பதில் எனக்கு மனப்பாடம்: ‘நீங்கள் அப்படி உணர்ந்ததற்கு வருந்துகிறோம்.’ உணர்ந்தது நீங்கள், செய்தவர் வசனத்திலேயே இல்லை. ‘ஐ வோஸ் பிலிற்றில்ட்’ என்ற செயப்பாட்டு வினையும் அப்படித்தான், செய்தவரை மறைத்துவிடும். அவரை எழுவாயாக்குங்கள். அவர் சொன்னார், அவர் தூக்கிப் பிடித்தார், அவர் கேட்டார். உணர்வை ஒரேயொரு இடத்தில், கடைசிப் பந்தியில், நேராகச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போக முன்னம் இரவில் நித்திரை வருவதில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதுவே போதும்.

இனி உங்கள் முதல் வரி. ‘நான் ஒரு சிறிய உத்தியோகத்தர், என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இராது, மன்னிக்கவும்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோதுதான் இந்தப் பதிலை எழுதியே ஆகவேண்டும் என்று பேனாவை எடுத்தேன். தன்னடக்கமாக எழுதிப் பழக்கப்பட்டுவிட்டோம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் உங்கள் மீது அவர் சுமத்தியது இதே பேச்சு. அதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். வெட்டுங்கள். ‘நான் 2021 முதல் இந்த அலுவலகத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன்’ என்று தொடங்குங்கள். உங்கள் ஆங்கிலத்தில் அந்த ஓர் ‘அபவுட்’டையும் சில காலப் பிழைகளையும் தவிர நான் கைவைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அரச அலுவலகமாக இருந்தால் ஆங்கிலமே தேவைப்பட்டிராது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, தமிழிலேயே முறையிடலாம். தனியார் நிறுவனமென்றால் அவர்களின் விதிக்கோவையைப் பாருங்கள், சிலவற்றில் மூன்று மொழியிலும் முறைப்பாடு ஏற்பார்கள். அப்படி இருந்தால் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பை இணைப்பது உங்களுக்கு நல்லது.

இரண்டாவது பந்தி இப்படி அமையட்டும். ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்வீர்கள்:

‘மே மாத மாதாந்தக் கூட்டத்தில், ஒன்பது ஊழியர்கள் முன்னிலையில், ஆறு கிராமங்களில் மூன்று கிழமை செய்த ஆய்வின் அறிக்கையை அவர் கையில் தூக்கிக் காட்டி, பின்வரும் வார்த்தைகளைச் சொன்னார். [தமிழ் வசனம், மொழிபெயர்ப்பு.] அதுவரை என்னை ‘நீர்’ என்று விளித்தவர் அந்தக் கூட்டத்தில் ‘நீ’ என்று விளித்தார். தமிழில் இது மரியாதையைக் குறைக்கும் செயல். என் வேலையை அவர் இவ்வாறு சிறுமைப்படுத்தினார். அதே அறிக்கை திருத்தமின்றி நன்கொடையாளருக்கு அனுப்பப்பட்டது.’

‘பிலிற்றில்’ ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் வசனங்கள் எல்லாம் சொல்லி முடிந்த பிறகு. கவனித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பமுன் இரண்டு வேலை இருக்கிறது. மே மாதக் கூட்டக் குறிப்பின் பிரதியை இந்தக் கிழமையே கேட்டு எடுத்துவிடுங்கள். முறைப்பாடு போன பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். தேத்தண்ணி கேட்ட அன்று மேசையிலிருந்த மற்ற மூவரில் ஒருவராவது சாட்சியாகப் பெயர் தரச் சம்மதிக்கிறாரா என்று, அலுவலகத்துக்கு வெளியில் வைத்து, நேரில் கேளுங்கள். சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்துத் திருத்திய வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.